மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரை எப்படி வரவைத்தீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். உங்கள் அனுபவம் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எங்கள் தீர்மான நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் நடப்பது பகலில். அம்மாக்கள் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். கூலியை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. வருகிற சிலரும் வாசித்ததைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராததையும், பிள்ளை ஏன் பள்ளிக்கு வர மறுக்கிறது என்பதையும் அவர்கள் வாயால் சொன்னால்தானே குழு தயாரிக்கிற பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுத முடியும்?

நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கு ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த உரிமை உணர்வு இன்றும் மக்களிடம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

மாலை ஆறு மணிக்கு மேல், அல்லது தெருவிலேயே கூட்டம் போட்ட பள்ளி எதுவும் உங்களுக்குத் தெரியுமா? மகளிர் சுயஉதவிக் குழு வழியாக அழைத்தால் வருகிறார்களா? பேசத் தயங்குகிற அம்மாக்களை எப்படிப் பேசவைத்தீர்கள்? முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை தவிர வேறென்ன கேட்கலாம்?

அடுத்த கூட்டம் நெருங்குகிறது. சின்ன யோசனையாக இருந்தாலும் கீழே எழுதுங்கள்.