சுலைமானியா பள்ளிவாசலைச் சுற்றி ஏன் இத்தனை குவிமாடங்கள்?

நாடோடி:
போன மாதம் இஸ்தான்புல் போயிருந்தேன். சுலைமானியாவைப் பார்த்துவிட்டு, எதிர்த்தாற்போல் இருக்கும் கடைவரிசையில் வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் சாப்பிட்டேன் (அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அதேதான்). வெளியே வந்து நிமிர்ந்தால், கடைகளுக்கு மேலே ஈயத்தகடு போர்த்திய குட்டிக் குட்டிக் குவிமாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புகைபோக்கி. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாம் பள்ளிவாசலைச் சேர்ந்ததுதான், குல்லியே (பள்ளிவாசலும் அதைச் சேர்ந்த கட்டடங்களும் கொண்ட வளாகம்)" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இதெல்லாம் ஒரே மூச்சில் கட்டியதா, இல்லை நம் ஊர் வீடு மாதிரி வசதி வரவர இழுத்துக் கட்டியதா? இவ்வளவுக்கும் காசு யார் கொடுத்தது?

செங்கல் சுண்ணாம்பு:
ஒரே திட்டம்தான். ஒட்டோமான் சுல்தான் சுலைமானுக்காக அவருடைய தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் 1550இல் ஆரம்பித்து 1557இல் பள்ளிவாசலை முடித்தார். மதரசாக்கள், மருத்துவப் பள்ளி, மருத்துவமனை, சமையற்கூடம், விருந்தினர் விடுதி, ஹமாம் (பொதுக் குளியலகம்) எல்லாமே அந்தத் திட்டத்தில் சேர்ந்தவை. நீங்கள் பார்த்த குட்டிக் குவிமாடங்கள் மதரசா மாணவர்களின் அறைகள். ஓர் அறைக்கு ஒரு குவிமாடம், ஒரு கணப்பு, அதற்குத்தான் புகைபோக்கி. கீழே கடை, மேலே படிப்பு. அந்தத் தெருவுக்கே 'போதைக்காரர் கடைத்தெரு' என்றுதான் பெயர், ஒரு காலத்தில் காபியும் அபினும் விற்ற இடம்! மேலே இருக்கும் இரண்டு மதரசாக்களில்தான் இன்று சுலைமானியா ஓலை... மன்னிக்கவும், பழக்கதோஷம், கையெழுத்துப் பிரதி நூலகம் இருக்கிறது.

பள்ளிவாசலுக்கு மறுபக்கம் போய்ப் பார்த்தீர்களா? அங்கே மலை சரசரவென்று கடலை நோக்கி இறங்குகிறது, சினான் அதைச் சமப்படுத்தவில்லை, மாணவர் அறைகளையே படிபடியாக இறக்கிவிட்டார். இதற்கு முன்னால் இதே இஸ்தான்புல்லில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கட்டிய ஃபாத்தி வளாகம் (1463-70) நேர் எதிர்: நடுவில் பள்ளிவாசல், இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு மதரசா, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. எனக்கு சினானின் சரிவுதான் பிடிக்கும்.

பழைய கணக்குப்பிள்ளை:
காசு விஷயத்துக்கு நான் வருகிறேன். கட்டுவதற்கு சுல்தான் கொடுத்தார், சரி. அப்புறம் வருடா வருடம் அடுப்பு எரிய வேண்டுமே? அதற்குத்தான் வக்ஃபு. கிராமங்களின் வரி, கடை வாடகை, ஹமாம் வருமானம் என்று எழுதிவைத்துவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த நாளில் என்ன சமையல் என்பதுவரை வக்ஃபுப் பத்திரத்தில் இருக்கும். இந்தச் சமையற்கூடங்களில் வழக்கமாகக் காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி. வெள்ளிக்கிழமையும் ரமலான் இரவுகளிலும் இறைச்சிச் சோறும் குங்குமப்பூ போட்ட இனிப்புப் பொங்கலும். எல்லாருக்கும் ஒரே பந்தி என்று நினைத்துவிடாதீர்கள், விருந்தாளியும் ஊழியரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஏழைகளின் முறை வரும்.

எல்லாம் புண்ணியத்துக்கு மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வசீர் (சுல்தானின் அமைச்சர்) செத்தால் அவர் சொத்தை அரண்மனை எடுத்துக்கொள்ளலாம். வக்ஃபாக எழுதி, பிள்ளையை நிர்வாகியாகப் போட்டுவிட்டால் குடும்பத்துக்கும் வழி ஆயிற்று, பெயரும் நிலைத்தது. நகரம் வளர்க்கும் உத்தியும் அதுவே. அவர்களின் பழைய தலைநகரான புர்சாவில் ஒட்டோமான் சுல்தான்கள் கோட்டைச் சுவருக்கு வெளியே, வெற்று மேட்டில் வளாகத்தைக் கட்டினார்கள். சோறும் தண்ணீரும் கிடைக்கிற இடத்தில் ஜனம் தானாக வந்து குடியேறியது.

வழிப்போக்கன்:
இப்படி வளாகமாகக் கட்டுவது ஒட்டோமான்களே கண்டுபிடித்தது என்கிற மாதிரிப் பேச்சு போகிறது, அதனால் இடையில் வருகிறேன். கெய்ரோவில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-85லேயே மதரசா, தன் கல்லறை, பின்னால் பெரிய மருத்துவமனை என்று ஒரே கட்டடத் தொகுதியாகக் கட்டிவிட்டார். அனத்தோலியாவில் (துருக்கியின் ஆசியப் பகுதி) திவ்ரிகி என்ற ஊரில் பள்ளிவாசலும் மருத்துவமனையும் ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி, 1228-29. அப்புறம் இன்னொன்று: 'குல்லியே' என்பது பிற்காலத்துக் கட்டடக்கலை ஆய்வாளர்கள் பரப்பிய சொல். அந்தக் காலத்தில் முழு வளாகத்தையும் 'இமாரெத்' என்றுதான் சொன்னார்கள், சமையற்கூடத்துக்கும் அதே பெயர்தான்.

செங்கல் சுண்ணாம்பு:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலாவூன் வளாகத்தில் தெருவிலிருந்து கண்ணில் படுவது கல்லறைதானே? சுலைமானியாவில் சுல்தானின் கல்லறை பள்ளிவாசலுக்குப் பின்னால் தோட்டத்துக்குள் போய்விட்டது. பள்ளிவாசலை நடுவில் வைத்து மற்றதைச் சுற்றிலும் அடுக்கிய முறையைத்தான் ஒட்டோமான் பாணி என்கிறேன்.

நாடோடி:
எல்லாருக்கும் நன்றி. இதில் எதாவது ஒன்று இன்னும் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறதா?

பழைய கணக்குப்பிள்ளை:
ஜெருசலேமில் சுலைமானின் மனைவி ஹுர்ரம் 1552இல் ஏற்படுத்திய சமையற்கூடம். அங்கே இன்றும் ஏழைகள் பாத்திரத்தோடு வந்து உணவு வாங்கிப் போகிறார்கள்.

வழிப்போக்கன்:
அடுத்த முறை துருக்கியிலேயே இருக்கும் எடிர்னே நகரத்துக்கும் போங்கள். சுல்தான் இரண்டாம் பாயஸிதின் மருத்துவமனை (1488), இப்போது அருங்காட்சியகம். நடுவில் குவிமாடத்துக்குக் கீழே நீரூற்று, சுற்றிலும் நோயாளிகளின் அறைகள். வாரத்தில் மூன்று நாள் பாடகர்கள் வந்து மனநோயாளிகளுக்கு இசைப்பார்கள் என்று 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போய் அந்த நடுக்கூடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள்.