போர்நிறுத்த ஆபரா: 30 அடி மேடையில் மூன்று அகழி எப்படி?

மேடைப்பித்தன்:
டிசம்பரில் சென்னையில் 50 நிமிட ஆபரா ஒன்று போடுகிறோம். முதல் உலகப் போரில் எதிரிப் படைகள் தாமாகவே சண்டையை நிறுத்திய 1914 கிறிஸ்துமஸ் முந்தின இரவு, அகழிகளில் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் என்று மூன்று தரப்பு. கதையும் இசையும் புதிது, 'ஸ்டில்லே நாக்ட்' ('சைலன்ட் நைட்' கிறிஸ்துமஸ் பாட்டின் ஜெர்மன் மூலம்) மட்டும் பழையது. மேடை 30 அடி அகலம், 20 அடி ஆழம். பாடகர்கள் 14 பேர், பியானோவோடு ஏழு வாத்தியம். மூன்று அகழியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், நிஜ பேக்பைப் வேண்டும் என்கிறார் இயக்குநர். எங்கெல்லாம் சொதப்பும்?

கீழ்ஸ்தாயி:
எதிர்த்தரப்பின் பாட்டு முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வர வேண்டும். காட்சியின் உயிரே அதுதான், சொதப்புவதும் அங்கேதான். விங்குக்குள் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) நிற்பவர் கண்டக்டரைப் பார்க்க கேமராவும் டிவியும் வைப்பீர்கள். சாதாரண எல்இடி டிவி படத்தைப் பத்தில் ஒரு நொடி வரை தாமதித்துக் காட்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி செகண்ட். 12 மீட்டர் தள்ளி நின்றால் இன்னொரு 35. இரண்டும் சேர்ந்தால் பாட்டு பியானோவுக்குப் பின்னால் இழுபடும். டிவியில் கேம் மோட் போடுங்கள். அதோடு உதவிக் கண்டக்டர் ஒருவர் விங்கில் நின்று தாளத்தை ஒரு இழை முந்திக் காட்டட்டும். முதல் சரணத்தை வாத்தியமில்லாமல் விடலாம். ஆனால் பியானோ சேரும்போது பாடகரின் சுருதி இறங்கியிருக்கும். ஒற்றைக் காதில் இயர்போன், அதில் சுருதிப் பெட்டி ஆப். நம் ஊரில் இதற்கா பஞ்சம்!

மொழியை மாற்றாதீர்கள், ஜெர்மனிலேயே பாடட்டும். 'ஒப்பில்லா திரு இரா' என்று சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள் மெட்டைக் கேட்டதுமே முணுமுணுப்பார்கள். பாட்டு முடிந்த பிறகு ஏழெட்டு நொடி மௌனம் வேண்டும். அதில் ஏசி இரைச்சல் கேட்டால் எல்லாம் போச்சு. ஏசி ஃபேனை லோவில் வைக்கும் நேரத்தைக் க்யூ ஷீட்டிலேயே (எப்போது எதைச் செய்வது என்ற பட்டியல்) எழுதி, ஏசி ஆபரேட்டரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

செட்டு சாமான்:
மூன்று அகழி வேண்டாம், ஒன்று போதும். 8க்கு 4 பிளைவுட் தளம் இரண்டு, தளத்துக்கு நாலு பிரேக் வீல், மேலே 3 அடி மூட்டைச் சுவர். இருட்டில் திருப்பி வைத்தால் எதிர்த்தரப்பு. விளக்கின் நிறமும் சுவரில் தொங்கும் சாமானும் மாறினால் யாருடைய அகழி என்று புரிந்துவிடும். மூட்டையில் மணல் வேண்டாம், தளம் நகராது. துணிக் கழிவு போதும். புதுச் சாக்கைத் துவைத்துக் காயப்போட்ட பிறகே மேடைக்குக் கொண்டுவாருங்கள். அந்தத் தும்பு தொண்டையில் இறங்கினால் பாடகருக்கு அன்றைக்கு லீவுதான்.

பனிக்குத் தெர்மாகோல் மணி கூடவே கூடாது. உடையில் ஒட்டும், மூச்சிழுத்தால் வாய்க்குள் போகும். தீத்தடுப்புப் பூசிய டிஷ்யூ துணுக்குகளை, அரை அங்குலக் கீறல் போட்ட நீளத் துணியில் கொட்டி இரண்டு பைப்பில் தொட்டில் மாதிரி கட்டுங்கள். ஒரு பைப்பை மெதுவாக ஆட்டினால் உதிரும்.

இரும்புத் தொப்பி மாட்டிவிடாதீர்கள். 1914 டிசம்பரில் அது யாரிடமும் இல்லை. பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளுக்கு 1915இல் வந்தது, ஜெர்மானியருக்கு 1916இல். கம்பளிக் கோட்டுக்குப் பதில் லைனிங் இல்லாத காட்டன் டிரில்.

குழல்:
நிஜ பேக்பைப் பியானோவோடு சேராது. பியானோவின் பி ஃப்ளாட் 466 ஹெர்ட்ஸ். இன்றைய பேக்பைப்பில் 'ஏ' என்று எழுதும் சுரம் காதில் விழுவது அந்த பி ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில்தான், ஆனால் 480ஐ ஒட்டி நிற்கும், கிட்டத்தட்ட அரை செமிடோன் தூக்கல். 466க்குச் செய்த சான்டர் (விரல் வைத்து வாசிக்கும் குழல்) கிடைத்தால் சேர்த்து வாசிக்கலாம். இல்லையென்றால் பியானோ நின்ற பிறகு தனியாக வாசிக்கட்டும். ஒன்பது சுரம்தான், சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. லாபியில் நிறுத்தி, கதவை எவ்வளவு திறக்கிறீர்கள் என்பதில் சத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஏசிக்குள் வந்ததும் ரீட் (ஒலி எழுப்பும் நாக்கு) மாறும், 20 நிமிடம் அங்கேயே வாசித்துப் பழகிய பிறகு சுருதி சேர்க்கவும்.

மேடைப்பித்தன்:
நன்றி. இரண்டு சந்தேகம். முன்னுரையாக ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டுவீச்சை வைக்கலாமா? சர்டைட்டில் (மேடைக்கு மேலே திரையில் காட்டும் மொழிபெயர்ப்பு) தமிழில் எப்படி?

கீழ்ஸ்தாயி:
எம்டன் மெட்ராஸைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு, இந்த இரவுக்கு மூன்று மாதம் முன்பு. நிகழ்ச்சித் தாளில் இரண்டு வரி போதும். மேடையில் காட்டினால் இங்கே அத்தனை பேருக்கும் தெரிந்த கதை அது, அகழி மறந்துபோகும். நம்மவர் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கார்வால் ரைபிள்ஸ் சிப்பாய் ஒருவரைச் சேருங்கள். அந்தப் படையும் அன்று எதிரியோடு கைகுலுக்கியது.

சர்டைட்டில் இரண்டு வரி, வரிக்கு 30 எழுத்துக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், அதனால் வினையை வெட்டாமல் அடைமொழியை வெட்டுங்கள். ஜெர்மன் பாட்டு ஓடும்போது எழுத்தே வேண்டாம். கறுப்பு ஸ்லைடு போட்டாலும் புரொஜெக்டர் சாம்பல் வெளிச்சத்தைக் கசியவிடும், இருட்டுக் காட்சியில் பளிச்சென்று தெரியும். லென்ஸ் முன்னால் ஓர் அட்டையை இறக்க ஆள் வையுங்கள்.