ஞாயிறன்று சமைத்த மதிய உணவு வெள்ளிவரை தாங்குவதற்கு என்ன வழி?

மாலைத்தென்றல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறோம். மதியம் வெளியில் வாங்கிச் சாப்பிட்டதில் எண்ணெயும் உப்பும் மிகுந்துவிட்டன. என் கணவருக்கு இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகு, வீட்டிலேயே சமைத்து எடுத்துச் செல்வது என்று உறுதியாக முடிவெடுத்தோம்.

கடந்த இரண்டு மாதங்களாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்கு மணி நேரம் அடுப்படியில் நின்று, சோறு, பயறு, காய்கறி எல்லாவற்றையும் சமைத்து, பத்து டப்பாக்களில் நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிடுகிறேன். திங்களும் செவ்வாயும் நன்றாகவே இருக்கின்றன. புதன்கிழமை காய்கறி குழைந்து, எல்லாம் ஒரே சுவையாகிவிடுகிறது. வியாழன், வெள்ளி டப்பாக்களைத் திறக்கவே மனம் வருவதில்லை. சென்ற வாரம் நான்கு டப்பா உணவைக் குப்பையில் கொட்டியபோது அழுகையே வந்துவிட்டது.

நான் எந்த இடத்தில் தவறு செய்கிறேன்? ஐந்து நாள் உணவை ஒரே நாளில் சமைப்பது நடக்கக்கூடிய காரியம்தானா? அனுபவம் உள்ளவர்கள் சற்று விரிவாகவே சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்கலப்பானை எழுதிய மறுமொழி:

வணக்கம் சகோதரி. எட்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். தொடக்கத்தில் நீங்கள் சொல்லும் இதே இடத்தில்தான் நானும் தடுமாறி நின்றேன். உங்கள் உழைப்பில் குறையில்லை. முழுச் சாப்பாட்டையும் ஞாயிறன்றே டப்பாவில் முடித்துவிடுவதுதான் சிக்கல். சோறும் பயறும் காயும் ஒரே டப்பாவில் நான்கு நாள்கள் கிடந்தால், காயின் ஈரம் சோற்றுக்கும் பயறின் மணம் காய்க்கும் ஏறி, புதன்கிழமைக்குள் எதற்கும் தனிச்சுவை இல்லாமல் போய்விடும். ஆகவே சாப்பாட்டைச் சமைத்து வைக்காமல், சாப்பாட்டுக்கு வேண்டிய பகுதிகளைச் சமைத்துத் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொரு நாள் இரவும் மறுநாளுக்கு உரிய டப்பாவைச் சேர்த்துக் கட்டுங்கள். அதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

அளவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இதில்தான். இருவருக்கு ஐந்து மதியங்கள் என்றால் பத்துப் பங்கு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்கிறது. அதில் பாதியை மதியத்திலேயே முடித்துவிட எண்ணினால் பங்கு ஒன்றுக்கு 200 கிராம், மொத்தம் 2 கிலோ காய்கறி வேண்டும். பத்து டப்பாவுக்கு அரைக் கிலோ பீன்ஸும் நான்கு கேரட்டும் நறுக்கிவிட்டுச் சத்தான உணவு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. கொண்டைக்கடலை போன்ற உலர்ந்த பயறுகள் வெந்தபின் எடையில் ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மடங்காகும். 400 கிராம் ஊறவைத்தால் பத்துப் பங்குக்கும் போதும். டப்பாவில் பாதி இடம் காய்கறிக்கு, கால் பங்கு தானியத்துக்கு, மீதிக் கால் பங்கு பயறு, முட்டை, மீன், கோழி போன்ற புரதத்துக்கு என்று கண்ணளவாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

எந்தக் காயை எப்போது சமைப்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. கேரட், பீட்ரூட், பூசணி, காலிஃபிளவர் ஆகியவை ஞாயிறன்று வெந்தாலும் மூன்று நாள்கள் தாங்கும். அவற்றை முக்கால் வேக்காட்டிலேயே இறக்கிவிடுங்கள். மீண்டும் சூடாக்கும்போது மீதி வெந்துவிடும் என்பதை மறந்து முழுதாக வேகவைப்பதால்தான் உங்களுக்குக் குழைகிறது. கீரையை ஞாயிறன்று சமைக்கவே வேண்டாம். ஆய்ந்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி வைத்து, உண்பதற்கு முந்தைய இரவு ஐந்து நிமிடம் வதக்கினால் நிறமும் சத்தும் ஓரளவு நிற்கும். வெள்ளரி, தக்காளி போன்ற பச்சைக் காய்களை அன்றன்று நறுக்கிச் சிறு டப்பாவில் தனியே கொண்டுசெல்லுங்கள். சூடான உணவோடு அவற்றைச் சேர்ப்பது இரண்டையும் கெடுக்கும்.

சுவை ஒன்றாகிவிடுவதற்கு மருந்து, ஒரே பயறுக்கு வெவ்வேறு துணை. நான் ஞாயிறன்று இரண்டு துவையல்கள் அரைத்து வைப்பேன்: ஒன்று வேர்க்கடலையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தது, மற்றொன்று வறுத்த தக்காளியும் பூண்டும் சேர்த்தது. திங்களன்று முதலாவதோடு உண்ட கொண்டைக்கடலையை புதனன்று இரண்டாவதோடு உண்டால் அது வேறு சாப்பாடு. உங்கள் கணவருக்கு இரத்த அழுத்தம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவுதான், அதுவும் மூன்று வேளைக்கும் சேர்த்து. சமைக்கும்போது உப்பைக் குறைத்து, உண்ணும்போது எலுமிச்சை பிழிந்து மிளகு தூவினால் நாக்கு குறையை உணர்வதில்லை. எலுமிச்சையைச் சூடாக்கிய பிறகு பிழிவதே நல்லது. வெப்பத்தில் அழியும் வைட்டமின் சி அதில் இருக்கிறது, பயறிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அந்த வைட்டமின் துணைசெய்கிறது.

நீரோடை எழுதிய மறுமொழி:

வெண்கலப்பானை சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆனால் சுவைக்கு முன்னால் பாதுகாப்பைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் ஒரு பெரிய சமையற்கூடத்தில் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உணவு எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது அடுப்பிலிருந்து இறங்கிய முதல் இரண்டு மணி நேரம்தான்.

கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. சமைத்த உணவு அறையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரமே எல்லை. பெரிய பானையை மூடி வைத்து மாலைவரை ஆறட்டும் என்று விடும் பழக்கம்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் பானையின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; இறைச்சியும் பயறும் நிறைந்த பானைகளில் கொதியைத் தாங்கி உயிர்பிழைத்த கிருமி வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகிவிடும். அகலமான தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் பரப்புங்கள், அல்லது பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்திக் கிளறிவிடுங்கள். ஆவி அடங்கியதும் சிறு டப்பாக்களில் போட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றுப் போக இடம்விட்டு உள்ளே வையுங்கள். பெட்டிக்குள் 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிறு வெப்பமானி போதும்.

அப்படி வைத்தாலும் சமைத்த உணவுக்கு அமெரிக்க வேளாண் துறை தரும் கெடு மூன்று முதல் நான்கு நாள்கள்தான். ஞாயிறு மதியம் சமைத்தது புதன் அல்லது வியாழனோடு முடிந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் அந்த நான்கு டப்பாக்களைக் கொட்டியதற்காக வருந்தவே வேண்டாம். நோயை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் நாற்றத்தையோ நிறமாற்றத்தையோ காட்டுவதில்லை, முகர்ந்து பார்த்து முடிவெடுப்பது நம்பத்தகுந்த வழியன்று. வியாழன், வெள்ளிக்கான பங்கை ஞாயிறன்றே, ஆறிய உடனே, ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் அவை சாவதும் இல்லை என்பதால், உறைந்ததை மேசைமேல் வைத்து இளக்காமல், முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

மீண்டும் சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். எளிதாகச் சொன்னால், உள்ளே வரை ஆவி பறக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு சில இடங்களைக் குளிராகவே விட்டுவிடும் என்பதால் பாதியில் நிறுத்தி ஒருமுறை கிளறி, முடிந்ததும் ஒரு நிமிடம் விட்டுவைத்து உண்ணுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

தினைக்கதிர் எழுதிய மறுமொழி:

ஃப்ரீசரைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. எல்லாவற்றையும் உறையவைக்கலாம் என்று நம்பி நான் வீணாக்கியவை பல. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பரைப்போல் ஆகிவிடும்; உருளைக்கிழங்கு மாவுமாவாக உதிரும்; தயிர் சேர்த்த உணவு நீரும் திப்பியுமாகப் பிரியும்; வெள்ளரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பயறு, சூப், தக்காளிச் சாற்றில் வெந்த இறைச்சி போன்ற ஈரமுள்ளவைதான் உறைந்து மீண்டாலும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். நீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 விழுக்காடு விரிவடைகிறது, எனவே டப்பாவின் விளிம்புவரை நிரப்பாதீர்கள். மூடியின்மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

முட்டையை ஓட்டோடு வேகவைத்துக் குளிரில் வைத்தால் ஒரு வாரம்வரை இருக்கும் என்பதால் வியாழன், வெள்ளிக்கு அதுவே எளிய வழி. அதை மைக்ரோவேவில் முழுதாகச் சூடாக்கிவிட வேண்டாம், வெடித்துச் சிதறும்.

மாலைத்தென்றல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கே தவறினேன் என்று இப்போது தெளிவாகிறது. நான் பானையை மூடி இரவுவரை ஆறவிட்டுத்தான் டப்பாவில் நிரப்பிக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. சோற்றையும் மற்ற உணவைப்போல் நான்கு நாள் வைக்கலாமா? ராஜ்மாவை ஊறவைத்து, குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் இரவு முழுதும் விட்டுவிட எண்ணியிருந்தேன். அதில் தவறு உண்டா? என் அலுவலகத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது, ஆனால் என் கணவர் வேலை செய்யும் இடத்தில் இல்லை. அவருக்கு என்ன செய்வது?

நீரோடை எழுதிய மறுமொழி:

கேட்டது நல்லதாயிற்று. முதலில் ராஜ்மா, ஏனென்றால் அதில்தான் ஆபத்து அதிகம். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத சில பருப்புகளே கடும் வாந்தியை உண்டாக்கப் போதுமானவை. மெதுவாக வேகவைக்கும் பானை பல வேளைகளில் கொதிநிலையை எட்டுவதில்லை, அந்த அரைச் சூட்டில் நச்சு அழிவதில்லை. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பானையில் போட்டு மிருதுவாக்கிக்கொள்வதில் தடையில்லை.

சோற்றுக்கு நான்கு நாள் கெடுவை நான் ஏற்பதில்லை. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியைத் தாங்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி, குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்கிறது. நான் அதையே கடைப்பிடிக்கிறேன். ஞாயிறன்று சமைத்ததில் திங்களுக்கு வேண்டியதை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மீதியைத் தட்டையான பொட்டலங்களாக ஆறிய உடனே உறையவைத்துவிடுங்கள். அப்படி உறைந்த சோற்றை மட்டும் முந்தைய இரவு கீழே இறக்க வேண்டாம். சிறிது நீர் தெளித்து ஃப்ரீசரிலிருந்து நேராகவே சூடாக்கினால் பிசுபிசுக்காமல் உதிரியாக வரும்.

வெண்கலப்பானை எழுதிய மறுமொழி:

உங்கள் கணவருக்கு வாய் அகன்ற தெர்மாஸ் குடுவை ஒன்று வாங்கிக் கொடுங்கள். காலையில் அதில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, நீரைக் கொட்டிய உடனே, கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிய பயறையோ சூப்பையோ விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். வெறும் குடுவையில் வெதுவெதுப்பான உணவை நிரப்பினால் அது கிருமிக்குத் தொட்டில் ஆகிவிடும். மதியம் திறக்கும்போதும் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால், முதல் முறை ஒரு விடுமுறை நாளில் வெந்நீரை ஊற்றி, ஐந்து மணி நேரம் கழித்து வெப்பமானியை விட்டுப் பார்த்துவிடுங்கள். சில குடுவைகள் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. தாங்காவிட்டால், பனிக்கட்டிப் பொதி வைத்த பையில் குளிர்ந்த கொண்டைக்கடலை, முட்டை, பச்சைக் காய்கறி ஆகியவற்றைக் கொடுத்தனுப்பலாம்; துவையல் மட்டும் தனிச் சிமிழில் இருக்கட்டும், உண்ணும்போது அவரே கலந்துகொள்வார்.