இறுதி நாட்களில் மயக்க மருந்து: மருத்துவர்கள் ஏன் முரண்படுகிறார்கள்?

கேள்வி

என் தாயார் நுரையீரல் புற்றுநோயால் காலமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. கடைசி வாரத்தில் மூச்சுத்திணறல் அவரைப் படுக்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. ஆக்சிஜன் முகமூடியை மாட்டினால் பிடுங்கி எறிவார். மறுபடி மாட்டப் போனால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் அசைப்பார். மார்ஃபின் அளவை இருமுறை கூட்டியும் பலனில்லை. இனி மயக்கத்தில் ஆழ்த்தி வைப்பதே முறை என்று பகலில் பார்த்த மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். இரவுப் பணிக்கு வந்தவரோ, அது உயிரைத் தாமே எடுப்பதற்கு ஒப்பாகும் என்று மறுத்துவிட்டார். மறுநாள் பிற்பகலில்தான் மருந்து தொடங்கப்பட்டது. அதன்பின் இரண்டு நாட்கள் அமைதியாக உறங்கி, உறக்கத்திலேயே அடங்கினார்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டவள் நான். ஒரே நோயாளியைப் பார்த்த இரு மருத்துவர்கள் இப்படி எதிரெதிராகப் பேசியது ஏன்? என் கையெழுத்து அம்மாவின் நாட்களைக் குறைத்துவிட்டதா? இத்துறையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (பாலியேட்டிவ் சிகிச்சை, அதாவது தீராநோயின் வேதனையைத் தணிக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்)

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். இத்தனை நாட்களும் தங்களை வாட்டியது அதுவாகத்தான் இருக்கும். இத்தாலியில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட புற்றுநோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாகவும் பாதிப் பேர் குறைவாகவும் வாழ்ந்த அளவு) 12 நாட்களாகவும், அவர்களை ஒத்த நிலையில் மயக்கமின்றி இருந்தவர்களுக்கு 9 நாட்களாகவும் இருந்தது. இதைக் கொண்டு மயக்க மருந்து ஆயுளை நீட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய மனசாட்சி இடம் தராது என்பதால், இத்தகைய ஆய்வுகளுக்கு எல்லை உண்டு. ஆனால் முறையாகக் கொடுக்கப்படும் மயக்க மருந்து ஆயுளைக் குறைக்கிறது என்பதற்கு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பின்னாளைய தொகுப்பாய்வுகளிலும் ஆதாரம் கிடைக்கவில்லை. தங்கள் தாயாரைக் கொண்டுபோனது புற்றுநோய்தான்.

இனி முதல் கேள்வி. கருணைக்கொலையில் நோயாளி இறந்தால்தான் செயல் நிறைவேறியதாகக் கொள்வார்கள். எனவே மரணத்திற்குப் போதுமான அளவு மருந்து செலுத்தப்படும். இங்கே வேதனை தணிந்த இடத்திலேயே மருந்தின் அளவும் நின்றுவிடும். வழக்கமாக மிடசோலாம் என்ற மருந்தைத் தோலுக்கடியில் மெல்லச் செலுத்தத் தொடங்கி, நெற்றிச் சுருக்கமும் முனகலும் அடங்குகின்றனவா என்று பார்த்துப் பார்த்துக் கூட்டுவோம். விரைவில் வடிந்துவிடக்கூடிய மருந்து என்பதால் குறைக்கவும் முடியும். எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத மூச்சுத்திணறல், வலி, மனக்குழப்பத்தால் வரும் பதைபதைப்பு போன்றவற்றுக்கு இது உரியது என்று ஐரோப்பிய பாலியேட்டிவ் சிகிச்சைச் சங்கம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறையும் சொல்கிறது.

இவ்வளவு தெளிவிருந்தும் மருத்துவர்கள் அஞ்சுவதற்கு ஒரு காரணம், அவர்களில் பலர் பயிற்சிக் காலத்தில் கண்டது இதுவன்று என்பதே. நோயாளியை உறங்க வைப்பதற்காகவே மார்ஃபினைக் கூட்டிக்கொண்டு போவதையும், உடல் துடித்து, குழப்பம் மிகுந்து, மூச்சு மெலிவதையும் பார்த்தவர்கள் அவர்கள். மார்ஃபின் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உரிய மருந்து. மயக்கத்திற்காக அதைப் பயன்படுத்துவது தவறு. அந்தத் தவறைக் கண்டு பிறந்த அச்சம், சரியான சிகிச்சையின் மீதும் படிந்துவிடுகிறது.

பதில் 2 (பொது மருத்துவர்)

அந்த இரவுப்பணி மருத்துவரின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், நானும் மறுத்திருக்கிறேன். நோயாளியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பகலில் என்ன பேசப்பட்டது என்று குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. விடிவதற்குள் அவர் இறந்துவிட்டால் என் ஊசியால்தான் இறந்தார் என்று ஆகிவிடுமே என்ற நினைப்பு. அதை அறம் என்று அன்று நம்பினேன்; பயம் என்று பின்னர்தான் எனக்கு விளங்கியது. தங்கள் தாயாரின் அந்த இரவுக்கு இது ஈடாகாது என்பதை அறிவேன்.

எனினும், தயக்கம் எல்லாமே அறியாமை என்று முதல் பதிலை வாசிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. வலி கட்டுக்குள் இருக்கிறது, மூச்சும் சீராக இருக்கிறது, ஆனால் "இப்படிக் கிடப்பதில் பொருளில்லை, என்னை உறங்க வைத்துவிடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், நான் இன்றும் உடனே இசைய மாட்டேன். அந்த வேதனை பொய்யன்று. ஆனால் அது அடங்காதது என்று யார், எதைக் கொண்டு அளப்பது? ஒருநாள் மட்டும் உறங்க வைத்து, பிறகு மருந்தைக் குறைத்து எழுப்பி, அவரிடமே மறுபடி கேட்பது அத்தகைய சமயத்தில் நேர்மையான வழி என்று கருதுகிறேன். நெதர்லாந்தின் வழிகாட்டுதல், தொடர்ச்சியான ஆழ்ந்த மயக்கத்தை ஓரிரு வாரங்களுக்குள் மரணம் எதிர்பார்க்கப்படும் நிலையோடு இணைப்பதும் காரணத்தோடுதான். அதற்கு மேல் நாட்கள் இருக்கும் ஒருவரை உணவும் நீரும் இன்றி உறங்க வைத்தால், நோயைவிட அந்தப் பட்டினியே முடிவைத் தீர்மானிக்கக்கூடும். பிரான்ஸ் 2016-இல் இத்தகைய மயக்கத்தை நோயாளி கோரும் உரிமையாகவே சட்டமாக்கியபோதும், நிபந்தனைகளை விதித்தே ஆக்கியது.

பதில் 3 (செவிலியர்)

மருத்துவர்கள் இருவரும் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உத்தரவை எழுதிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். இரவு முழுவதும் மருந்தைச் செலுத்தும் பம்பின் அருகில் நின்று, புருவம் சுளிக்கிறதா என்று பார்ப்பவர்கள் நாங்கள். தொடங்கிய பிறகு அவர் ஒருமுறை திரும்பி வந்து கட்டிலருகே நின்றால் குடும்பத்தாருக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் பாரம் குறையும். அதைவிட முக்கியமானது, மருந்து தொடங்குமுன் பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளும்படி வீட்டாரிடம் சொல்வது. மருத்துவர் தயங்கித் தயங்கித் தள்ளிப்போடும்போது, நோயாளிக்குப் பேச மிஞ்சியிருக்கும் கொஞ்ச நேரமும் திணறலிலேயே கழிந்துவிடுகிறது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் பதிலை வாசித்தபின், இதுவரை பிரிக்காமல் வைத்திருந்த மருத்துவக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மணிக்கு ஒரு மில்லிகிராம் மிடசோலாம், கடைசிவரை அதே அளவு, ஒருமுறைகூடக் கூட்டப்படவில்லை. பகல் மருத்துவர் என்னிடம் வாயால் சொன்னது மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. மயக்கத்தில் ஆழ்த்த முடிவெடுத்தால் அன்றைய பணி முடியுமுன் அதைக் காரணத்தோடு எழுதி, இரவுப் பணிக்கு வருபவரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு, அந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.