அடுத்த கிறிஸ்துமஸ் செலவுக்கு இப்போதே எடுத்துவைக்க வேண்டும், வழி சொல்லுங்கள்

குலசேகரத்து அம்மா

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து நேற்றுதான் குடிலைப் பிரித்தோம். சொரூபங்களைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது வருடக் குடித்தனத்தில் கிறிஸ்துமஸ் செலவை நான் கூட்டிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மாமியாரையும் சேர்த்து ஆறு பேருக்கு உடுப்பு 11,200 ரூபாய். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கேக் எல்லாமாக 4,300. காலை ஆப்பத்துக்கும் மதியச் சோற்றுக்கும் இறைச்சி 2,600. நட்சத்திரம், சீரியல் விளக்கு, குடில் சாமான் 1,900. கோயில் காணிக்கைக்கும் கேரல் பாட வந்த பிள்ளைகளுக்கும் 1,500. நாத்தனார் வீட்டுக்குச் சீர் 6,500. மொத்தம் 28,000 ரூபாய். டிசம்பர் பிறந்தபோது கையில் இருந்தது 9,000. மிச்சத்துக்கு, என் அம்மா போட்டனுப்பிய வளையல் அடகுக்குப் போனது. 20,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. வளையல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் வெட்டுப் போகும் என்பது இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மரத்தில் மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டியிருந்தாலும் விடியற்காலையில் கொட்டினால் அன்றைய கூலி இல்லை. வானம் தெளிந்து கத்தியை எடுக்கும்போது கோட்டாறு சவேரியார் திருவிழா வந்துவிடும். டிசம்பர் 3 முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு மூன்றே வாரம்தான். பிறகு மாசியில் இலை உதிர்ந்தால் வெட்டையே நிறுத்திவிடுகிறார்கள். நான் முந்திரி ஆலையில் வாரச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டையொட்டி எங்களுக்குச் சொந்தமாக 60 மூடு ரப்பர் மரமும் நாலு தென்னையும் உண்டு.

வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். அதற்கான பணத்தைத் தனியாக வைத்திருக்கிறோம், அதைத் தொட மாட்டேன். ஆனால் இந்த டிசம்பர் அவளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மருமகனுக்கும் அவளுக்கும் உடுப்பு, பலகாரம், வாழைக்குலை என்று குறைந்தது 12,000 ஆகும். ஆக 40,000 ரூபாய் வேண்டும். பக்கத்தில் ஒருவர் கிறிஸ்துமஸ் சீட்டு நடத்துகிறார், அதில் சேரலாமா? தபால் ஆபீசில் போடலாமா? மறுபடியும் அந்த அடகுக்கடைப் படியை மிதிக்க எனக்கு மனமில்லை.

குளச்சல் கரை

அக்கா, எங்கள் வீட்டில் விசைப்படகு வேலை. இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் படகு ஏறாது. அதனால் எங்களுக்குச் சேமிப்பு ஆகஸ்டில்தான் தொடங்கும். ஒவ்வொரு தடவை பங்குப்பணம் வரும்போதும், வீட்டுக்குள் எடுத்துப்போகும் முன் திண்ணையிலேயே எண்ணி, பத்தில் ஒரு பங்கை மாமியார் கையில் கொடுத்துவிடுவார் என் வீட்டுக்காரர். குறைவாக வந்த நாளிலும் பத்தில் ஒன்றுதான், அதிகம் வந்த நாளிலும் பத்தில் ஒன்றுதான். மாதம் இவ்வளவு என்று நிலையாகத் தொகை வைப்பது நம்மைப் போன்ற வீடுகளுக்கு ஒத்துவராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017-இல் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் வருவார்களா என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். உடுப்புக்கென்று மாமியார் சேர்த்திருந்த பணம்தான் தை மாதம் வரை எங்களுக்கும், என் அண்ணனை இழந்த மைனிக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. பண்டிகைக்குச் சேர்க்கிற பணத்தை நான் அன்றிலிருந்து வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

மார்த்தாண்டம் ஓய்வூதியர்

மக்களே, நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அஞ்சலகத் தொடர் வைப்பு நல்ல கணக்குதான், மாதம் 100 ரூபாய் முதல் போடலாம். ஆனால் அதன் காலம் 5 வருடம். 3 வருடம் ஆகாமல் முடிக்க முடியாது. உங்களுக்கு இந்த டிசம்பரிலேயே பணம் வேண்டும், அதனால் இது பொருந்தாது. குறைந்த மாதங்களுக்குத் தொடர் வைப்புத் தொடங்கும் வங்கிகள் இருக்கின்றன. பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முதிரும்படி ஒன்பது மாதக் கணக்குக் கேளுங்கள்.

சீட்டில் சேருவதானால் 1982-ஆம் வருடத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுதானா என்று பாருங்கள். ஒப்பந்தத்தின் நகலை உங்கள் கையில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். முகத்தைப் பார்த்துச் சேர்ந்த ஒரு பண்டிகைச் சீட்டு அக்டோபரில் நின்றுபோனதில் என் தங்கை 14,000 ரூபாயை இழந்தாள். நடத்தியவர் நல்லவர்தான், அவருக்குத் தர வேண்டியவர்கள் தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை.

அதைவிட அவசரம் அந்த வளையல். 20,000-க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 300, வருடத்துக்கு 3,600. உங்கள் பலகாரச் செலவில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக அசலைக் கட்டுங்கள்.

கருங்கல் பலகாரம்

டிசம்பரில் ஆர்டருக்கு முந்திரிக்கொத்துச் செய்து கொடுக்கிறேன், அதனால் சாமான் விலை எனக்கு அத்துப்படி. பணமாகச் சேர்ப்பதோடு பொருளாகவும் சேருங்கள் அக்கா. கருப்பட்டியைப் பதநீர் இறங்குகிற சித்திரை, வைகாசியில் வாங்கி, பனை ஓலைப் பெட்டியில் போட்டு அடுப்புப் புகை படும் இடத்தில் வைத்தால் கசியாது. மழைக்காலத்தில் வாங்கினால் விலையும் கூடுதல், ஈரமும் கூடுதல்.

எண்ணெய்க்கும் இப்படித்தான். மாசி, பங்குனி வெயிலில் உங்கள் தேங்காயை உடைத்துக் காயவைத்துச் செக்கில் கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் கொப்பரை காயாது, பூஞ்சை பிடிக்கும். துணியை ஆடித் தள்ளுபடியில் எடுத்து ஆவணியிலேயே தையல்காரரிடம் கொடுங்கள். டிசம்பரில் அவர்கள் புதுத் துணி வாங்குவதே இல்லை, வாங்கினாலும் 24-ஆம் தேதி இரவு வரை காத்திருக்க வேண்டும்.

முந்திரிக்கொத்தை மட்டும் முன்கூட்டிச் சுட்டு வைக்காதீர்கள். பயறு வறுத்து அரைத்த மாவைக் காற்றுப் புகாமல் வைத்திருந்து, பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்னால் சுட்டால் போதும்.

குலசேகரத்து அம்மா

எல்லாருக்கும் நன்றி. இரவு வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து பேசினோம். எங்கள் 60 மூட்டின் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால்) விற்கிற பணம் இனி வளையலுக்கு. என் சம்பளத்தில் வாரம் 400 எடுத்து மாதம் 1,600 வங்கியில் போடுவேன், ஒன்பது மாதத்தில் 14,400 ஆகும். மூத்தவன் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போகிறான், பத்து மாதத்துக்கு, மாதம் 1,000 வீதம் தருவதாகத் தானாகவே சொன்னான். டிசம்பரில் எப்படியும் 9,000 கையில் வரும். ஆக 33,400.

செலவில் விளக்கு, நட்சத்திரத்துக்கான 1,900 இந்த வருடம் வேண்டாம், பழையவை நன்றாக இருக்கின்றன. மகளின் உடுப்பு தலைக் கிறிஸ்துமஸ் கணக்கில் போவதாலும், துணியை ஆடியில் எடுப்பதாலும் 4,000 குறையும். 34,100 போதும் என்று தெரிகிறது, 700 ரூபாய்தான் இடிக்கிறது. நாத்தனார் சீரில் கைவைக்கலாமே என்று மகன் கேட்டான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு இப்போது பிறந்த வீடு என்று இருப்பது நாங்கள்தான்.

குளச்சல் தங்கச்சி எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சேருகிற பணத்தின் கணக்கைத் தன்னிடமும் சொல்ல வேண்டும் என்றார்.

கருங்கல் அக்கா, இரண்டு கிலோ பயறுக்கு எவ்வளவு கருப்பட்டி வாங்கி வைக்கட்டும்?

கருங்கல் பலகாரம்

கிலோவுக்கு முக்கால் கிலோ என்ற கணக்கில் ஒன்றரை கிலோ. பாகு காய்ச்சி வடிகட்டும்போது மண்ணும் தூசியும் கழியும், அதனால் கால் கிலோ கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.