மறு: அட்டவணையோடு எண் அணியைச் சேர்க்க ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். கணினியில் ஓர் அட்டவணையோடு எண் அணி (அரே, வரிசையாக அடுக்கிய எண்கள்) ஒன்றைச் சேர்க்கும் செயலுக்கு, ஆங்கிலத்தில் அப்பெண்ட் என்பதற்கு, நம் ஆவணத்தில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்பதே இந்த இழையின் கேள்வி.

"சேர் என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். புரியும்தான். ஆனால் 'சேர்' ஏற்கெனவே பல இடத்தில் வேலை பார்க்கிறது. கணக்குப் பாடத்தில் கணங்களின் சேர்ப்பு இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ப்பு அணி இருக்கிறது. 'இந்த இரண்டு அணிகளையும் சேர்' என்றால் கூட்டுவதா, ஒட்டி வைப்பதா? பைத்தான் நிரல்மொழியில் இரண்டு பட்டியல்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக நீளும். எண் கணக்குக்கான பைத்தான் தொகுப்பான நம்பையின் இரண்டு அணிகளுக்கு நடுவே அதே குறியைப் போட்டால் உறுப்புக்கு உறுப்பு எண்களைக் கூட்டிவிடும். குறியே இப்படி இரட்டை வேடம் போடும்போது சொல்லாவது தெளிவாக இருக்கட்டும்.

'பின்னிணை' என்ற பரிந்துரைக்கே என் வாக்கு. நூலின் கடைசியில் வருவது பின்னிணைப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எழில் நிரல்மொழியிலும் பட்டியலின் இறுதியில் ஓர் உறுப்பை வைக்க 'பின்இணை' தான். புழக்கத்தில் உள்ளதை விட்டுவிட்டுப் புதிதாகத் தேட வேண்டாம்.

பட்டியலுக்கு அது போதும், ஏனென்றால் பட்டியலுக்கு ஒரே முனைதான். அட்டவணைக்கு இரண்டு பக்கம் உண்டு. இன்றைய அளவீட்டை அடியில் புது நிரையாக (கிடைவரிசையாக) வைக்கலாம், அல்லது வெப்பநிலை என்று ஒரு புது நிரலை (நெடுவரிசையை) ஓரத்தில் நிறுத்தலாம். ஆர் மொழியில் ஆர்பைண்ட், சிபைண்ட் என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். நம்பையில் விஸ்டாக், எச்ஸ்டாக். நமக்கும் இரண்டு வேண்டும். கீழே வைப்பதற்கு 'அடியிணை' என்று ஒருவர் சொன்னதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். தேவாரம் படித்தவர்களுக்கு அது இறைவனின் இரண்டு திருவடி! 'கீழிணை', 'வலமிணை' என்று வைத்துக்கொள்வோம். திசை முக்கியமில்லாத இடத்தில் பின்னிணை.

ஒரு சிறு புலம்பல்: கணக்குப் பாடத்தில் நிரல் என்றால் நெடுக்காக இருப்பது. கணினித் தமிழில் நிரல் என்றால் ப்ரோகிராம். 'நிரலில் ஒரு நிரலைச் சேர்' என்று எழுதிவிட்டுப் படிப்பவரைத் திண்டாட விட வேண்டாம். இந்த ஆவணத்தில் மட்டுமாவது நெடுவரிசை, கிடைவரிசை என்று போடுவோம்.

இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பைத்தான் பட்டியலின் அப்பெண்ட் பட்டியலையே மாற்றும், எதையும் திருப்பித் தராது. நம்பையின் அப்பெண்ட் பழைய அணியைத் தொடவே தொடாது, புது அணி ஒன்றைச் செய்து கையில் கொடுக்கும். பெயர் ஒன்று, நடத்தை நேர் எதிர். அதனால்தான் புதிதாகக் கற்பவர்கள் நம்பை அப்பெண்டைத் தனி வரியாக எழுதிவிட்டு, அணி ஏன் நீளவில்லை என்று கேட்கிறார்கள். அவர்களே பட்டியலில், வந்த விடையைப் பழைய பெயரிலேயே ஏற்றி, பட்டியலைத் தொலைத்து நிற்கிறார்கள். போதாக்குறைக்கு, எந்த அச்சில் (கீழேயா, பக்கத்திலா) என்று சொல்லாவிட்டால் நம்பை அட்டவணை வடிவத்தையே தட்டையாக்கிவிடும். 3 கிடைவரிசை, 4 நெடுவரிசை உள்ள அணியோடு 4 எண்களைப் பின்னிணைத்தால் நான்காவது கிடைவரிசை வராது, 16 எண்களின் ஒற்றைச் சரம்தான் வரும்.

ஜூலியா மொழியில், கொடுத்ததையே மாற்றும் செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) பெயருக்கு வால் பக்கம் ஒரு வியப்புக்குறி போடுவது வழக்கம். நமக்கு வியப்புக்குறி தேவையில்லை, வினைமுற்றே இருக்கிறது. உள்ளதையே மாற்றுவதற்கு ஏவல்: 'பின்னிணை'. புதிதாகச் செய்து தருவதற்கு வினையாலணையும் பெயர்: 'பின்னிணைத்தது'. 'புதியது = பின்னிணைத்தது(பழையது, 5)' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாகவே சரியாக வருகிறது. பைத்தானில் வரிசைப்படுத்துவதற்கு சார்ட், சார்ட்டட் என்று இருப்பதும் இதே ஏற்பாடுதான், அவர்கள் எல்லா இடத்திலும் அதைக் கடைப்பிடிக்கவில்லை, அவ்வளவே.

அப்புறம், 'புணர்' என்று வந்த பரிந்துரை. வகுப்பில் பின்வரிசை சிரிக்கும் என்று இரண்டு பேர் தயங்கியிருந்தீர்கள். சிரிக்கட்டும், புணர்ச்சி விதி படிக்காமலா பத்தாம் வகுப்பு தாண்டினோம்? செயலின் பெயராக அது வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் அந்தப் பாடத்தில் நமக்கு வேண்டியது வேறு இருக்கிறது. அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸில் இதைச் செய்து பாருங்கள். மழை அளவு அட்டவணை ஒன்றில் பழுதான கிடைவரிசைகளை நீக்கிவிட்டீர்கள். மீதி நான்கின் சுட்டெண்கள் (கிடைவரிசைகளின் அடையாள எண்கள்) 0, 2, 3, 5. இப்போது 12, 0, 40, 7 என்ற நான்கு எண்களை நம்பை அணியாக நெடுவரிசையில் ஏற்றினால் வந்த வரிசையிலேயே உட்கார்ந்துவிடும். அதே நான்கைப் பாண்டாஸின் 'தொடர்' (சீரீஸ்) என்ற வகையாக ஏற்றினால் கதை வேறு. தொடருக்கு 0, 1, 2, 3 என்று சொந்தச் சுட்டெண்கள் இருக்கின்றன, பாண்டாஸ் சுட்டெண்ணுக்குச் சுட்டெண் பொருத்தும். 0க்கு 12, 2க்கு 40, 3க்கு 7. 5க்கு எதுவும் இல்லை, அங்கே எண் அல்லாத வெற்று மதிப்பு ஒன்று முளைக்கும். 1க்கு உரிய சுழியம் சத்தமில்லாமல் காணாமல் போகும். வெற்று மதிப்பு நுழைந்ததால் முழு எண்கள் 12.0, 40.0, 7.0 என்று தசமங்களாக மாறும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

தோன்றல், திரிதல், கெடுதல். மூன்று விகாரமும் ஒரே வரியில்! அணியாக ஏற்றியது இயல்பு புணர்ச்சி, தொடராக ஏற்றியது விகாரப் புணர்ச்சி. ஆவணத்தில் 'இந்தச் செயலில் தோன்றல் உண்டு, கெடுதல் இல்லை' என்று எழுதினால் ஒரு பத்தி விளக்கம் மிச்சம். இடது அட்டவணை, வலது அட்டவணை என்பதற்குப் பதில் நிலை அட்டவணை, வரு தரவு என்றும் சொல்லலாம், நிலைமொழி வருமொழி போல. செயலுக்குப் பெயர் 'பொருத்து'. பின்னிணை இடம் பார்க்கும், பொருத்து சுட்டெண் பார்க்கும்.

ஒருமுறைக்கு ஒரு கிடைவரிசையாகப் பின்னிணைப்பது பற்றியும் எச்சரிக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையும் நகலெடுக்கப்படுவதால், 10,000 கிடைவரிசைகளை இப்படிச் சேர்த்தால் ஏறத்தாழ 5 கோடி கிடைவரிசைகளை நகலெடுத்த கணக்காகும். பாண்டாஸ் தன் அட்டவணையின் அப்பெண்டை 2022இல் கைவிடப்போவதாக அறிவித்து, 2023இல் வந்த 2.0 பதிப்பில் எடுத்தேவிட்டது. முதலில் பட்டியலில் திரட்டிக்கொண்டு, கடைசியில் ஒரே மூச்சில் இணைப்பதுதான் வழி. அந்த ஒரே மூச்சு இணைப்புக்கு 'தொடு' வைக்கலாம், பூத் தொடுப்பது மாதிரி. இறந்தகாலத்தில் 'தொடுத்தது' என்று வரும் என்பதால் விரல் வைக்கும் தொடுதலோடு குழம்பாது. ஏவலில் குழம்பும் என்பவர்கள் 'கோ' (கோப்பதன் ஏவல்) என்பதைவிட நல்லதாக ஒன்று சொல்லுங்கள். ஓரெழுத்துச் சொல்லைச் செயற்கூறுக்குப் பெயராக வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அணி என்பது அரேவா மேட்ரிக்ஸா என்ற பழைய சண்டையை இந்த இழையில் இழுக்கவில்லை. இலங்கைப் பாடநூல்களில் மேட்ரிக்ஸுக்குத் தாயம் என்று இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டால் அணி அரேக்கு மிஞ்சும். தனி இழை தொடங்கினால் வருகிறேன்.