எங்க மியூசியம் தியேட்டருக்கு ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. எங்க ஊர் அருங்காட்சியகத்துல அறுபது பேர் உட்காரும் சின்ன தியேட்டர் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்களுக்குப் படம் போடுற தன்னார்வலர்கள்ல நானும் ஒருத்தன். புரொஜெக்டர் பல்ப் மங்கிடுச்சு. போன வாரம் ஓலைச்சுவடி பத்தின படத்துல எழுத்தே தெரியல. "அங்கிள், கரண்ட் போயிடுச்சா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு.

லேசர் புரொஜெக்டர்னா ஏறக்குறைய 20,000 மணி நேரம் ஓடும். விலைதான் மலைக்க வைக்குது. அதான் நன்கொடை கேட்க இறங்கியிருக்கோம்.

இன்னொரு தலைவலி, பீரோவுல கிடக்கிற 16 எம்எம் படச்சுருள்கள். டப்பா மூடியைத் திறந்தா வினிகர் வாடை மூக்கைத் துளைக்குது. அசிடேட்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச ஃபிலிம் சிதைய ஆரம்பிச்சாச்சுங்கிறதுக்கு அதான் அடையாளம். டிஜிட்டலுக்கு மாத்தணும். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அணுகினவங்க யாராவது இருக்கீங்களா? சுருளைத் தபால்ல அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல.

2013 கம்பெனிச் சட்டத்தோட சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவு பண்றது) பட்டியல்ல பாரம்பரியம், கலைப் பாதுகாப்பும் வருது. அப்படி நிதி வாங்கின அனுபவம் உள்ளவங்க, விண்ணப்பத்துல என்னென்ன கேட்பாங்கன்னு சொல்லுங்க. பழைய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் நல்ல நிலையில இருந்தாலும் சரி, நாங்களே வண்டி எடுத்துட்டு வந்து வாங்கிக்கிறோம்.